கடற்படைத் தேஜஸ் தோற்றதா? எடையைப் பற்றி ஒரு நீண்ட இழை

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்டு 3

“கடற்படைக்காகப் பிரான்சிடமிருந்து 26 ரஃபேல் எம் போர் விமானங்கள் வாங்க ஏப்ரலில் கையெழுத்தாகிவிட்டது. ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய். நாமே வடிவமைத்த தேஜஸ் போர் விமானத்தின் கடற்படை வடிவம் 2020இலேயே விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிக் காட்டியது. இறங்கத் தெரிந்த விமானத்தை ஏன் ஒதுக்கினார்கள்? தோல்வி என்றால் தோல்வி என்று சொல்லிவிடுங்கள். இல்லை, கடற்படைக்கு வெளிநாட்டு மோகம் என்றால் அதையாவது சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.”

ஆகஸ்டு 3, இரவு

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: எடை.

ஆகஸ்டு 4

ஒரே சொல்லில் முடித்ததற்குத் திட்டு விழுந்திருக்கிறது. சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது பாதி வேலை. எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிக்கொண்டு அதே கப்பலிலிருந்து கிளம்புவதுதான் மீதிப் பாதி, அதுவே கடினமான பாதி. அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்களில் விமானத்தை இழுத்து எறியும் கேட்டபுல்ட் உண்டு. நம் விக்ரமாதித்யாவிலும் விக்ராந்திலும் அது கிடையாது. முன்முனையில் 14 பாகை மேல்நோக்கி வளைந்த ஸ்கீ ஜம்ப் தளம்தான் இருக்கிறது. சக்கரங்களைத் தடுப்புக் கட்டைகள் பிடித்திருக்கும். எஞ்சின் ஆஃப்டர்பர்னரோடு முழு விசைக்குப் போனதும் கட்டைகள் தளத்துக்குள் இறங்கும், விமானம் ஓடும். வளைவின் நுனியை விட்டு வெளியே வரும்போது, நேராகப் பறப்பதற்கு வேண்டிய வேகம் அதற்கு இருக்காது. மேல்நோக்கி வீசப்பட்ட நிலையில் சில நொடிகள் போகும். மிச்ச வேகத்தை அந்தச் சில நொடிகளுக்குள் எஞ்சின் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கீழே கடல்.

ஆகவே கேள்வி மிக எளிது. ஓட இவ்வளவு நீளம், வளைவு இவ்வளவு, எதிர்க்காற்று இவ்வளவு என்றால் எத்தனை டன் எழும்பும்? அதிலிருந்து விமானத்தின் சொந்த எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதில் எரிபொருளும் ஏவுகணையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கடற்படைத் தேஜஸில் அந்த மிச்சம் போதவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். விமானம் நல்லதா என்று விமானத்திடம் கேட்டுப் பயனில்லை, கப்பலிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று, அரபிக்கடலின் மே மாத வெயில். காற்று சூடானால் அடர்த்தி குறையும், எஞ்சினின் தள்ளுவிசையும் குறையும், இறக்கையின் தூக்குவிசையும் குறையும். விளம்பரக் கையேட்டில் அச்சிடும் எண்கள் குளிர்ந்த நாட்டு எண்கள். நம் கடலில் அவற்றைக் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

ஆகஸ்டு 5

வரலாறு கேட்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் சொல்கிறேன்.

கடற்படை வடிவத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது 2003இல். என்.பி.-1 என்ற முதல் மாதிரி, இரட்டை இருக்கை விமானம், 2010 ஜூலையில் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அது பறந்ததோ 2012 ஏப்ரல் 27 அன்று. இடைப்பட்ட காலத்தில் பல கோளாறுகள், அவற்றில் பெரியது லேண்டிங் கியர், அதாவது காலும் சக்கரமும் சேர்ந்த அமைப்பு. கப்பல் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும் என்ற அச்சத்தில் வடிவமைத்தவர்கள் அதைத் தேவைக்கு மேல் கனமாக்கிவிட்டார்கள். எடைச் சிக்கல் பிறந்த வீடு அதுதான்.

2014 டிசம்பர் 20இல் கோவாவின் ஹன்சா தளத்தில் கட்டிய கரைச் சோதனை மையத்திலிருந்து முதல் ஸ்கீ ஜம்ப். 2015 பிப்ரவரியில் ஒற்றை இருக்கை என்.பி.-2 பறந்தது. 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லாம்பா, இது கப்பலுக்கான தேவையை நிறைவேற்றவில்லை, வேறு விமானம் தேடுகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த மாதமே 57 விமானங்களுக்கான விவரக் கோரிக்கை உலகுக்குப் போயிற்று.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஒதுக்கியது 2016இல். கப்பலில் இறங்கியது 2020 ஜனவரி 11இல். கேள்வி கேட்ட தம்பி ‘இறங்கிக் காட்டியும் ஒதுக்கினார்கள்’ என்று நினைக்கிறார். ஒதுக்கிய பிறகுதான் இறங்கிக் காட்டினார்கள். எனக்கு இதில் வியப்பு ஒதுக்கியதைப் பற்றி அல்ல. ஒதுக்கிய பிறகும் யாரும் கடையைக் கட்டவில்லையே, அதைப் பற்றித்தான்.

ஆகஸ்டு 5, சிறிது நேரம் கழித்து

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடற்படை விமானப் பிரிவில் ஹைட்ராலிக்ஸ், லேண்டிங் கியர் பார்த்த தொழில்நுட்பப் பணியாளன். கோவாவில் சீ ஹாரியர் விமானங்களின் காலம். பெயரும் எண்ணும் வேண்டாம், ஓய்வூதியம் நிம்மதியாக வந்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்டு 8

லேண்டிங் கியரைத் தேவைக்கு மேல் கனமாக்கிவிட்டார்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “நாலு இரும்புத் தண்டைக் குறைக்கத் தெரியாதா?” என்கிறார். என் தொழிலைத் தொட்டுவிட்டார். பொறுமையாகப் பதில் எழுதுகிறேன்.

விமானப்படை விமானி ஓடுபாதையில் இறங்கும்போது மூக்கைச் சற்றுத் தூக்கி, விழும் வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை மெல்ல வைப்பார். நில விமானத்துக்கு நொடிக்கு 3 மீட்டர் விழும் வேகம் என்று கணக்கு வைத்து வடிவமைத்தால் பொதுவாகப் போதும். கப்பலில் அந்த மெல்ல வைக்கும் வேலையே இல்லை. தளத்தில் குறுக்கே மூன்று கம்பிகள்தான் கிடக்கின்றன, அவற்றில் ஒன்றை விமானத்தின் வால் பக்கக் கொக்கி பிடித்தால்தான் விமானம் நிற்கும். மூக்கைத் தூக்கினால் கொக்கி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் கடைசி வரை ஒரே சரிவில் வந்து அப்படியே அறைய வேண்டும். கடற்படைத் தேஜஸுக்கு வைத்த அளவு நொடிக்கு 7.1 மீட்டர். வேகம் 2.4 மடங்குதான், ஆனால் தாங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. அந்த ஆற்றல் முழுவதையும் விழுங்க வேண்டியது ஓலியோ என்னும் அந்த ஒரு தூண், அதற்குள் இருக்கும் எண்ணெயும் நைட்ரஜனும்.

ஓலியோவை அருகே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே போய்வரும் தண்டு கண்ணாடி போல் மெருகேறிய குரோம். காலையில் தளத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். விரலைத் துணியில் சுற்றித் தண்டைச் சுற்றி ஒரு முறை துடைப்பேன். துணியில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் உப்பு, சிவப்பாக வழுவழுப்பாக ஒட்டினால் ஹைட்ராலிக் எண்ணெய். தண்டின் மேல் எண்ணெய் மெல்லிய வளையமாகத் தெரிந்தால் உள்ளே சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம், தேய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அந்த உப்புப் பொடிதான் சீலை அறுக்கும் அரம். நல்ல தண்ணீரில் கழுவு, துடை, எண்ணெய் தடவு. மறுநாளும் அதே வேலை. ஒரு முறை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சீலுக்காக விமானம் வாரக்கணக்கில் ஜாக்கியின் மேல் நின்றது. எந்த அலுவலகத்தில் அந்தக் கோப்பு தூங்கியது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆற்றல் ஓலியோவோடு முடிவதும் இல்லை. அது தாங்கினால் மட்டும் போதாது, ஓலியோவைப் பிடித்திருக்கும் சட்டகம் தாங்க வேண்டும், சட்டகத்தைப் பிடித்திருக்கும் உடல் தாங்க வேண்டும். பின்னால் கொக்கி. மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டரில் வரும் விமானத்தைக் கம்பி 90 மீட்டருக்குள் நிறுத்துகிறது. விமானத்தின் எடையைப்போல் இரண்டரை மடங்கு விசை அந்தக் கொக்கி வழியாக உடலுக்குள் போகிறது. வாலிலிருந்து மூக்கு வரை யாராவது அதைச் சுமந்தாக வேண்டும். நாலு இரும்புத் தண்டு என்று சொன்னவருக்கு இவ்வளவு போதும்.

ஆகஸ்டு 9

“எல்லாம் கணினி செய்கிறது, விமானி சும்மா உட்கார்ந்து வருகிறார். இதில் என்ன சாகசம்?” என்று ஒரு பின்னூட்டம்.

பாதி உண்மை, ஆனால் தலைகீழ்ப் பாதி. கிளம்பும்போது விமானி கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடுவதில்லை. வளைவில் ஏறும்போது மூக்கு எவ்வளவு உயர வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். மனிதக் கை பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் கெட்டது. அமெரிக்க ஹார்னெட் விமானிகள்கூடக் கேட்டபுல்ட்டில் போகும்போது வலது கையைக் கண்ணாடிக் கூண்டின் பிடியில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் 2020 ஜனவரியில் விக்ரமாதித்யாவில் இறக்கியது கொமொடோர் ஜெய்தீப் மாவ்லங்கரின் கைகள்தாம். 2012இல் முதல்முறை பறக்கவிட்டவரும் அவர்தான். சக்கரம் தளத்தைத் தொட்டவுடன் விமானி எஞ்சினைக் குறைப்பதில்லை, முழு விசைக்குத் தள்ளுவார். கொக்கி கம்பியைப் பிடிக்காமல் போனால் மறுபடி மேலே போக வேண்டுமே! நிற்பதற்காக வரும் விமானம் ஓடுவதற்குத் தயாராக வருகிறது. இதைச் சும்மா உட்கார்ந்து செய்ய முடியாது.

ஆகஸ்டு 12

திருச்சிக்காரர் ஒருவர், நம் காவிரி எஞ்சினைப் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்கிறார்.

1989இல் தொடங்கிய திட்டம் ஐயா. வேண்டிய தள்ளுவிசை வரவில்லை, 2008இல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். காவிரி என்று பெயர் வைத்தால் எதிர்பார்த்த அளவு வராது என்பது நம்மூர் விவசாயிகளைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

ஆகஸ்டு 14

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது. இந்த இழையிலேயே ஆகச் சிறந்த கேள்வி. “தேஜஸ் எஞ்சின் 85 கிலோநியூட்டன், அதிகபட்ச எடை 13.5 டன். ரஃபேலுக்கு 75இல் இரண்டு, அதிகபட்சம் 24.5 டன். வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் விகிதம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அப்படியானால் எடைதான் காரணம் என்ற உங்கள் வாதம் நிற்குமா?”

நிற்கும். ஆனால் அதைச் சரியாக நிறுத்த வேண்டும். ஸ்கீ ஜம்ப்பில் யாரும் அதிகபட்ச எடையில் கிளம்புவதில்லை. ரஃபேலும் நம் கப்பலிலிருந்து 24.5 டன்னோடு எழும்பப் போவதில்லை. அங்கிருந்து கொஞ்சம் இறங்கி வர வேண்டும். பெரிய விமானம் இறங்கி வந்தாலும் கையில் மிச்சம் இருக்கும். உள் எரிபொருள் மட்டுமே ஏறத்தாழ 4.7 டன், அதற்கு மேலும் ஏவுகணைகளுக்கு இடம் உண்டு. தேஜஸின் உள் எரிபொருளே சுமார் இரண்டரை டன். கொக்கி, கனத்த சக்கர அமைப்பு, வலுவூட்டிய உடல் என்று கப்பலுக்காகச் சேரும் எடை, ஆறரை டன் காலி எடை கொண்ட குட்டி விமானத்தை அழுத்துவது போல் பெரிய விமானத்தை அழுத்தாது. பத்தாயிரம் சம்பளக்காரருக்கும் ஐம்பதாயிரம் சம்பளக்காரருக்கும் ஒரே வீட்டு வாடகை என்றால் யாருக்கு மாதக் கடைசி சிரமம்?

அந்த இரண்டரை டன்னையும் முழுதாகச் செலவழிக்க முடியாது. கம்பியைத் தவறவிட்டால் மறுபடி சுற்றி வர ஒரு பங்கு, அதற்கும் மேல் அவசரத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கி வைத்தாக வேண்டும். கடல் நடுவில் பக்கத்து ஊர் விமான நிலையம் கிடையாது. போக, சண்டைக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும்?

ஆகஸ்டு 15

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். பெரிய எஞ்சின் வைத்திருந்தால்? வைக்கத்தான் நினைத்தார்கள். 98 கிலோநியூட்டன் தரும் எஃப்-414 எஞ்சினை 2010இல் தேர்ந்தெடுத்தார்கள், கடற்படைக்கும் இரண்டாம் வடிவம் ஒன்று வரும் என்ற பேச்சு இருந்தது. பெரிய எஞ்சின், அதற்குப் பெரிய காற்று நுழைவாய், அதற்கு நீண்ட உடல், அதற்குக் கூடுதல் எரிபொருள். ஒவ்வொரு கிலோவும் இன்னொரு கிலோவைக் கையைப் பிடித்துக் கூட்டி வரும். அந்தப் பாதையில் நடந்து நடந்துதான் கடைசியில் இரட்டை எஞ்சினுக்கு வந்து நின்றார்கள். அது பிறகு.

ஆகஸ்டு 17

சீ ஹாரியர் ஒற்றை எஞ்சின்தானே, அதற்கு முன் சீ ஹாக்கும் ஒற்றை எஞ்சின்தானே என்று கேட்கிறார்கள். உண்மை. 1971இல் பழைய விக்ராந்திலிருந்து காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவை ஒற்றை எஞ்சின் சீ ஹாக் விமானங்கள். ஆனால் அந்த விக்ராந்தில் கேட்டபுல்ட் இருந்தது.

சீ ஹாரியரின் கதை வேறு. அது கப்பலில் செங்குத்தாக இறங்கும், கொக்கியும் இல்லை, கம்பியும் இல்லை. லேண்டிங் கியர் பார்த்தவனுக்கு அது சொர்க்கம். எஞ்சின் ஆள்களுக்குத்தான் நரகம். அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால் எஞ்சின் தனியாகவே முழு எடையையும் தூக்க வேண்டும். வெயில் நாளில் எஞ்சினுக்குள் தண்ணீர் பீய்ச்சித்தான் கூடுதல் விசை எடுப்பார்கள், அந்தத் தண்ணீரும் ஒன்றரை நிமிட அளவுக்குத்தான் இருக்கும். ஏற்றிக்கொண்டு போன ஆயுதத்தைப் பயன்படுத்தாமல் திரும்பி வந்தால், அதோடு இறங்க முடியுமா என்பதே கேள்வியாகிவிடும். முடியாவிட்டால் விலை உயர்ந்த ஏவுகணையைக் கடலில் போட வேண்டும், அல்லது எரிபொருளைக் கொட்ட வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எடை இரண்டு தடவை கணக்குக் கேட்கும். கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பும்போது இன்னொரு தடவை. கம்பியில் இறங்கும் விமானத்துக்கும் அப்படித்தான். இவ்வளவு எடைக்கு மேல் இறங்கக் கூடாது என்று ஒரு கோடு உண்டு. போர் நடக்காத நாள்களில் ஆயுதம் செலவாகாது, ஒவ்வொரு ரோந்திலும் முழுச் சுமையோடுதான் திரும்பி வர வேண்டும். ‘எத்தனை டன் தூக்கும்’ என்று கையேடு பெருமை பேசும். ‘எத்தனை டன்னோடு திரும்பி வந்து இறங்கும்’ என்ற வரி அதே கையேட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ஆகஸ்டு 24

நில விமானத்தைக் கடல் விமானமாக மாற்றியதே அடிப்படைத் தவறு என்று ஒரு நீண்ட வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் புகுகிறேன்.

அமெரிக்காவில் பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா 1960களில் விமானப்படைக்கும் கடற்படைக்கும் ஒரே விமானம் என்று அடம்பிடித்தார். கடற்படை வடிவமான எஃப்-111பி எடை ஏறிக்கொண்டே போயிற்று. எவ்வளவு பெரிய எஞ்சினை வைத்தாலும் இது தேறாது என்று பொருள்படும்படி வைஸ் அட்மிரல் டாம் கனோலி செனட் குழுவின் முன்னால் சொன்னார். 1968இல் பணத்தை நிறுத்தினார்கள். அதன் இடத்தில் வந்ததுதான் கடலுக்கென்றே பிறந்த எஃப்-14.

மாற்றி வெற்றி பெற்றதும் உண்டு. 1975இல் எஃப்-16இன் மூதாதையிடம் விமானப்படைப் போட்டியில் தோற்ற ஒய்.எஃப்.-17ஐக் கடற்படை எடுத்துத் திருத்திப் பெரிதாக்கியது. அதுதான் எஃப்/ஏ-18. அது இரட்டை எஞ்சின் என்பதைக் கவனிக்கவும். மாற்றுவதற்கு அதில் இடம் இருந்தது.

ரஃபேல் மூன்றாவது வகை. முதல் கோட்டை வரையும்போதே கடற்படையும் மேசையில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் நில வடிவத்துக்கும் கடல் வடிவத்துக்கும் எடை வித்தியாசம் அரை டன் அளவில் நின்றது. கடல் வடிவத்தின் முதல் மாதிரி 1991 டிசம்பரில் பறந்தது. பிரான்சில் கரையில் கேட்டபுல்ட் இல்லாததால் 1992இல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டுக்குக் கொண்டுபோய் எறிந்து பார்த்தார்கள். 1993இல் ஃபோஷ் என்ற பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியது. பிரெஞ்சுக் கடற்படை அவசரத்தில் இருந்தது. அதனிடம் இருந்த குருசேடர் விமானங்கள் அமெரிக்காவில் செய்த பழைய ரகம், 1999 வரை அவற்றை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் ரஃபேல் முதலில் பணியில் சேர்ந்ததே கடற்படையில்தான், விமானப்படைக்குப் பிறகுதான் போயிற்று.

தேஜஸோ விமானப்படையின் மிக்-21க்கு மாற்றாக, முடிந்தவரை சிறிதாக, முடிந்தவரை இலேசாக என்று பிறந்தது. கப்பலுக்காக அதற்கு என்னவெல்லாம் செய்தார்கள் என்பதைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. டெல்டா என்னும் முக்கோண இறக்கை கொண்ட விமானம் மெதுவாக வரும்போது மூக்கு மிகவும் உயர்ந்துவிடும், விமானிக்குத் தளம் தெரியாது. அதற்காக மூக்கைக் கீழே சாய்த்தார்கள். வேகத்தைக் குறைக்க இறக்கை உடலைச் சேரும் இடத்தில் லெவ்கான் என்ற அசையும் தகடு வைத்தார்கள். எல்லாம் கெட்டிக்காரத்தனம். ஆனால் எல்லாம் எடை.

ஆகஸ்டு 25

“அப்படியானால் தேஜஸ் தோல்விதான் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்” என்று எழுதிய மூன்று பேருக்கும்: மேலே உள்ள எந்த வரியில் அது இருக்கிறது?

செப்டம்பர் 2

நம் கப்பல்களில் ஏற்கெனவே இருக்கும் ரஷ்ய விமானமான மிக்-29கே பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. ஸ்கீ ஜம்ப்பிலிருந்து முறுக்கோடு எழும்பும் விமானம் அது. எஞ்சினுக்கு 9 டன் விசை, அப்படி இரண்டு. காகிதத்தில் எடைக் கணக்கில் ரஃபேலையே முந்தும். 45 விமானங்கள் வாங்கினோம். பிறகு என்ன? தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2016 அறிக்கையில், ஒற்றை இருக்கை விமானங்கள் பறக்கத் தயாராக இருந்த அளவு 15.93 சதவீதத்திலிருந்து 37.63 சதவீதம் வரை என்று இருக்கிறது. எஞ்சினில் குறை, உடலில் குறை, தளத்தில் இறங்கும் அதிர்ச்சியால் பாகங்கள் பழுது. பின்னாளில் நிலை தேறியது என்றாலும் அந்த ஆண்டுகள் போனவை போனவைதாம்.

ஸ்கீ ஜம்ப் நுனியைத் தாண்டுவதற்கு விசை வேண்டும். மறுநாள் காலையில் மறுபடி தாண்டுவதற்கு வேறொன்று வேண்டும், அதைத் துணியும் தண்ணீரும் கையுமாக நிற்பவர்கள்தான் கொடுக்க முடியும். கப்பலில் பறப்பதற்கு முன் தளத்தின் முழு அகலத்துக்கும் ஆள்கள் வரிசை கட்டிக் குனிந்த தலையோடு நடப்பார்கள். ஒரு திருகு, ஒரு கம்பித் துண்டு, ஒரு கல் கிடந்தாலும் எஞ்சின் இழுத்துக்கொள்ளும். அதிகாரி, மாலுமி என்ற பேதம் அந்த நடையில் இல்லை. நான் ஒரு முறை எடுத்தது சட்டைப் பொத்தான். யாருடைய சட்டை என்று கடைசி வரை தெரியவில்லை, எல்லாரும் குனிந்து அவரவர் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 4

ரஃபேலின் இறக்கை மடியாது, நம் கப்பலின் லிஃப்ட்டில் அடங்காது என்ற புலம்பல் ஆரம்பித்துவிட்டது. மடியாது என்பது சரி. நுனிக்கு நுனி 10.9 மீட்டர். மிக்-29கே இறக்கையை மடிக்கும், நம் லிஃப்ட்கள் அதை மனத்தில் வைத்துச் செய்தவை. இது தொல்லைதான், தளத்திலும் கீழ்க் கொட்டகையிலும் இடம் தின்னும். ஆனால் தெரிந்தே வாங்கிய தொல்லை. ஒரு விமானத்தை நிறுத்தும் இடம் ஒரு பிரச்சினை, பறக்காத விமானத்தை நிறுத்தும் இடம் அதைவிடப் பெரிய பிரச்சினை.

செப்டம்பர் 13

தேஜஸ் முதல்முறை கொக்கி போட்டு நின்ற நாள் இன்று, 2019இல் இதே தேதி. கப்பலில் அல்ல, கோவாவின் கரைத் தளத்தில். அந்தத் தளம் எழும்புவதை நான் பணியில் இருந்தபோதே பார்த்தவன். ஒரு பக்கம் ஸ்கீ ஜம்ப், இன்னொரு பக்கம் கம்பி. கடலில் செய்வதை முதலில் தரையில் செய்து பார்க்க. இது எதற்கு இவ்வளவு செலவு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு.

இப்போது பாருங்கள். 2022 ஜனவரியில் ரஃபேல் எம் நம் கப்பலுக்குத் தகுமா என்று சோதித்தது எங்கே? அதே தளத்தில். சில மாதம் கழித்து அமெரிக்காவின் சூப்பர் ஹார்னெட் வந்து குதித்துக் காட்டியது எங்கே? அங்கேதான். இரண்டு விமானமும் கேட்டபுல்ட்டுக்குப் பிறந்தவை. விற்பவர் சொன்னதை நம்பி வாங்காமல், எங்கள் தளத்தில் குதித்துக் காட்டு என்று சொல்ல நமக்கு ஓர் இடம் இருந்தது. ஒரு தேஜஸ்கூடப் படையில் சேரவில்லை, ஆனால் இந்த இடம் அதற்காகக் கட்டியது.

விக்ரமாதித்யாவில் 2020 ஜனவரியில் ஐந்து நாளில் 18 முறை இறங்கி 18 முறை கிளம்பியது. 2023 பிப்ரவரியில் புதிய விக்ராந்தில் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கொக்கியில் எவ்வளவு விசை, ஓலியோ எவ்வளவு அமுங்கியது, வளைவில் மூக்கு எப்படி எழுந்தது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைக் காசு கொடுத்தாலும் யாரும் தரமாட்டார்கள். 2016 அறிவிப்பைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முடிவு சரி. ஆனால் கம்பியை ஒரு முறைகூடப் பிடிக்காத நிலையில் பத்திரிகையாளர்கள் முன்னால் அதைச் சொன்ன விதத்தில், சோதனையில் இருந்தவர்களின் முகத்தை நினைத்திருக்கலாம். அதே கடற்படைதான் தன் விமானிகளையும் கப்பலையும் அடுத்த சில ஆண்டுகள் அந்தச் சோதனைக்குக் கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 21

அடுத்தது என்ன என்று கேட்பவர்களுக்கு. இரட்டை எஞ்சின், எஃப்-414 வகை, 26 டன் அளவு, மடியும் இறக்கை, முதல் கோட்டிலிருந்தே கப்பலுக்கு. டெட்பிஃப் என்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். தேஜஸை வடிவமைத்த அதே முகமைதான் வரைகிறது. பறக்கும் விமானமாக இன்னும் இல்லை. தேதிகளை நான் எழுதமாட்டேன். இந்தத் துறையில் தேதிகளை எழுதி வைத்தவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரே ஓர் ஆவல்தான். அதன் லேண்டிங் கியர் எத்தனை கிலோ? முன்பு பயத்தில் கனத்ததை, இந்தத் தடவை அளந்து வைத்திருக்கும் எண்களைக் கொண்டு செதுக்க முடியும். அந்த ஒரு எண் வெளிவந்தால் யாராவது இங்கே போடுங்கள்.

அக்டோபர் 6

சூலூர் பக்கம் போயிருந்தேன். மேலே தேஜஸ் ஒன்று திரும்பியது. சாலையோரக் கடையில் யாரும் தலை நிமிரவில்லை. நான் மட்டும் சக்கரம் உள்ளே போய்விட்டதா என்று பார்த்தேன். மெல்லிய கால்கள், விமானப்படைக் கால்கள்.

அக்டோபர் 9

26இல் 4 இரட்டை இருக்கை விமானங்கள் இருக்கின்றனவே, அவையும் கப்பலில் இறங்குமா என்று மறுபடி மறுபடி கேட்கிறார்கள். இறங்கா. பிரெஞ்சுக் கடற்படையிலேயே இரட்டை இருக்கை கிடையாது. அந்த நாலும் கரையில் பயிற்சிக்கு, கப்பலுக்கு 22 மட்டும். இரண்டு கப்பலுக்கும் சேர்த்து 22 போதுமா என்றால் போதாது, மிக்-29கே இன்னும் சில ஆண்டுகள் கூட இருக்கும். அவற்றின் சீல்களை யார் துடைக்கிறார்களோ அவர்களுக்கு என் வணக்கம்.